மன்னன் பெயரால் மூண்ட விடுதலைத் தீ

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் 15ஆம் நாளைப் பற்றிய பேச்சே மிகுதி. பள்ளியில் கொடியேற்றம், சங்கத்தில் சிறுவர் கலைநிகழ்ச்சி, வீட்டில் ஓர் இனிப்பு என அந்நாள் இனிதே கழிகின்றது. உலகின் மறுபுறத்தே, தென்னமெரிக்காவின் மேலைக் கரையில் அமைந்த ஈக்வடார் நாட்டு மக்களுக்கும் ஆகஸ்டே விடுதலைத் திங்கள். அவர்தம் நாட்டுப் பெருநாள் ஆகஸ்டு 10.

ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நாம் கொண்டாடுவது விடுதலை கைக்கு வந்த நாளை. அவர்கள் கொண்டாடுவதோ தோல்வியில் முடிந்த ஓர் எழுச்சியின் முதல் நாளை! 1809ஆம் ஆண்டு ஆகஸ்டு 10இல் குயிட்டோ நகரத்தார் ஸ்பெயின் நாட்டு அதிகாரியைப் பதவியிலிருந்து இறக்கித் தாமே ஓர் ஆட்சிக் குழுவை அமைத்தனர். மூன்று திங்களுக்குள் அக்குழு சிதைந்தது. ஓராண்டு நிறையுமுன்னரே அதன் தலைவர் பலர் சிறைக்குள் வெட்டுண்டு மாண்டனர். அந்நகர் உண்மையாக விடுபட்டது 1822ஆம் ஆண்டு மே 24இல். அந்நாளும் அங்கே விழா நாளே. எனினும் முதற்பெருநாள் என்னும் சிறப்பு, தோற்ற அந்த ஆகஸ்டு 10க்கே உரியதாயிற்று.

இன்னுமொரு புதிர். அன்று எழுந்தவர் 'ஸ்பெயின் ஒழிக' என்று முழங்கினாரல்லர். 'மன்னர் பெர்டினாண்டு வாழ்க' என்றே முழங்கினர். மன்னனை வாழ்த்திக்கொண்டே அவன் அதிகாரியை வீட்டுக்கு அனுப்புவதோ விடுதலைப் போர்? தோற்ற நாளை ஒரு நாடு நெஞ்சில் வைத்துப் போற்றுவானேன்? வரலாற்றுப் பாடம் படிக்கும் நம் பிள்ளைகள் இவ்வாறு கேட்டால் விடை கூற வேண்டுமன்றோ? அதற்கு முயல்வதே இக்கட்டுரை.

மலைமேல் ஒரு நகர்

குயிட்டோ நகர் நிலநடுக்கோட்டிற்கு மிக அணித்தே இருப்பினும் வெப்பம் வாட்டும் ஊரன்று. ஆண்டீசு மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா என்னும் எரிமலையின் அடிவாரத்தில் அது அமைந்துள்ளது. இன்கா மன்னரின் ஆட்சியில் சிறந்திருந்த அவ்விடத்தில் ஸ்பானியர் 1534ஆம் ஆண்டு தம் நகரை நிறுவினர். 1563இல் அரசர் பெயரால் நீதியும் ஆட்சியும் செலுத்தும் ஒரு மன்றம் அங்கே ஏற்பட்டது. அம்மன்றத்தின் தலைவரே அப்பகுதியின் ஆட்சித் தலைவர். அவருக்கு மேலே முதலில் லிமா நகரிலிருந்த அரசப் பிரதிநிதியும், 18ஆம் நூற்றாண்டில் பொகோட்டா நகரிலிருந்த அரசப் பிரதிநிதியும் அதிகாரம் செலுத்தினர். அவ்விருவர்க்கும் மேலே, கடலுக்கு அப்பால் மாட்ரிட் நகரில் மன்னர் வீற்றிருந்தார்.

குயிட்டோவின் துறைமுகம் குயாகில். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் அண்டை ஊர்கள் போலத் தோன்றும். இருப்புப்பாதைப் பணியில் உள்ள எம்போன்றோர் வரைபடத்தை அப்படியே நம்புவதில்லை. இடையே உள்ள ஏற்றத்தையே முதலில் வினவுவோம். கடற்கரையின் சேற்று நிலத்திலிருந்து புறப்பட்டு, பனி மூடிய சிகரங்களினிடையே கோவேறு கழுதையின் முதுகில் பல நாள் பயணம் செய்தாலன்றி அந்நாளில் குயிட்டோவை அடைய இயலாது. மழைக்காலத்தில் அதுவும் அரிது. இவ்விரு நகர்களையும் இணைத்த இருப்புப்பாதை 1908ஆம் ஆண்டு ஜூன் 25இல்தான் குயிட்டோவை எட்டிற்று. வழியில் 'சாத்தான் மூக்கு' என்று பெயர் பெற்ற ஒரு செங்குத்துப் பாறை உண்டு. அங்கே வண்டி முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடியே மேலேற வேண்டும். 3,600 மீட்டர் உயரத்தைத் தாண்டிச் செல்லும் பாதை அது. நாம் கூற வந்த கதையோ அப்பாதைக்கு நூறாண்டு முற்பட்டது. அந்நகரின் தனிமையை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். பின்னர் நிகழ்ந்தவற்றிற்கு அத்தனிமையே பாதிக் காரணம்.

புழுங்கிய நெஞ்சங்கள்

குயிட்டோப் பகுதி ஒரு காலத்தில் கம்பளி நெசவால் வாழ்ந்தது. 'ஒப்ராஹே' எனப்பட்ட பெரிய நெசவுக் கூடங்களில் செவ்விந்தியத் தொழிலாளர் அல்லும் பகலும் உழைத்தனர். அத்துணி பெரு நாட்டுச் சுரங்க ஊர்கள் வரை சென்று விலையாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துணி கடல்வழியே மலிவாக வந்து குவியவே உள்ளூர் நெசவு நலிந்தது. வருவாய் குறைந்த காலத்தில் வரி மட்டும் குறையவில்லை. 1765இல் சாராய விற்பனையை அரசே ஏற்று நடத்த முற்பட்டதையும் விற்பனை வரியையும் எதிர்த்துக் குயிட்டோவின் எளிய மக்கள் வாழும் பேட்டைகள் அனைத்தும் கிளர்ந்தெழுந்தன. அரசு பணிய வேண்டியதாயிற்று. எனினும் மனப்புண் ஆறவில்லை.

ஸ்பானியர் வழிவந்தும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்க்குக் 'கிரியோல்' என்று பெயர். நிலமும் கல்வியும் பட்டமும் அவர்களிடம் இருந்தன. ஆயினும் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஸ்பெயினில் பிறந்து கப்பலேறி வந்தவர்க்கே கிடைத்தன. பிறந்த மண்ணிலேயே இரண்டாந்தரத்தாராக நடத்தப்படுவதன் கசப்பு அவர்கள் நெஞ்சில் ஊறிக்கிடந்தது.

அக்கசப்பைச் சிந்தனையாக மாற்றியவர் கிரியோல் செல்வருள் ஒருவரல்லர் என்பதே வியப்பு. அவர் பெயர் யுஹேனியோ எஸ்பெஹோ. 1747இல் குயிட்டோவில் பிறந்தவர். தந்தை செவ்விந்தியர், மருத்துவத் துறவி ஒருவரின் உதவியாளராக மருத்துவமனையில் பணிபுரிந்தவர். பிறப்பால் தாழ்ந்தவர் எனக் கருதப்பட்ட அம்மைந்தர் மருத்துவரானார்; சட்டமும் பயின்றார். அம்மை நோயைப் பற்றி 1785இல் அவர் எழுதிய நூல், கண்ணுக்குத் தெரியாத நுண்பொருள்களால் நோய் பரவுவதையும் நகரின் தூய்மையையும் வற்புறுத்தியது. 1792ஆம் ஆண்டு சனவரியில் குயிட்டோவின் முதல் செய்தித்தாளை அவர் வெளியிட்டார். ஏழு இதழ்களே வெளிவந்தன. நகரின் பொது நூலகத்திற்கும் அவரே பொறுப்பாளர். நாட்டு நலம் நாடும் அறிஞர் கழகம் ஒன்றின் செயலாளராகவும் இருந்தார்.

1794இல் ஒரு காலைப்பொழுதில் நகரின் கற்சிலுவைகளில் விடுதலையைக் குறிக்கும் சொற்கள் பொறித்த சிவப்புத் துணிகள் தொங்கக் காணப்பட்டன. ஐயம் எஸ்பெஹோவின்மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு அவர் சிறைப்பட்டார். நோயுற்ற பின்னரே வெளியே விட்டனர். 1795 டிசம்பரில் உயிர் நீத்தார். அவர் மறைந்தாலும் அவரோடு பழகிய இளைஞர்கள் நகரில் இருந்தனர்.

மன்னன் சிறைப்பட்டான்

1808இல் பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் ஸ்பெயினுள் புகுந்தான். தந்தை சார்லசையும் மகன் பெர்டினாண்டையும் பயோன் நகருக்கு வருவித்து, இருவரையும் முடி துறக்கச் செய்து, தன் உடன்பிறந்தான் யோசேப்பை அரியணையில் ஏற்றினான். ஸ்பெயின் மக்கள் கொதித்தெழுந்தனர். ஊர்தோறும் 'ஹுண்டா' எனப்பட்ட ஆட்சிக் குழுக்களை அமைத்து, சிறைப்பட்ட மன்னன் பெயரால் பிரெஞ்சுக்காரரை எதிர்த்தனர்.

செய்தி கடல் கடந்து வந்தது. மன்னன் இல்லை, ஸ்பெயினில் ஒவ்வோர் ஊரும் தன்னைத் தானே ஆள்கின்றது. அங்கே செவிலியும் காதிசும் குழு அமைக்கலாமெனின், இங்கே குயிட்டோ அமைத்தல் குற்றமாமோ? மன்னன் இல்லாதபோது ஆட்சியுரிமை மக்களிடம் திரும்புகின்றது என்பது அவர்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டிய நியாயம்.

1808ஆம் ஆண்டு கிறிஸ்துமசு நாளில், நகருக்கு வெளியே சில்யோ என்னுமிடத்தில் இருந்த பண்ணை வீடொன்றில் சிலர் கூடினர். வீட்டிற்கு உரியவர் ஹுவான் பியோ மொந்தூபார். செல்வா அலெக்ரே பிரபு என்ற பட்டம் உடையவர். வந்தவருள் வழக்கறிஞர் ஹுவான் டி டியோஸ் மொராலெஸ், வழக்கறிஞர் மனுவெல் ரொட்ரிகெஸ் டி கிரோகா, படைத்தலைவர் ஹுவான் சலினாஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். செய்தி கசிந்தது. 1809 மார்ச்சில் பலர் சிறைப்பட்டனர். ஆனால் விசாரணைத் தாள்கள் கொண்டுசெல்லும் வழியிலேயே களவு போயின! தாளின்றேல் வழக்கில்லை, அனைவரும் விடுதலை பெற்றனர். கோப்பு ஒன்று காணாமற்போனால் அலுவலகத்தில் நேரும் கலக்கத்தை யாம் அறிவோம். ஒரு கோப்பு காணாமற்போனதால் ஒரு நாட்டின் வரலாறே திசை மாறியதை இங்கேதான் கண்டோம்.

உறைமேல் ஒரு சொல்

ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு அவர்கள் மீண்டும் கூடினர். இம்முறை இடம், நகரின் நடுவே தேவாலயத்தை அடுத்திருந்த மனுவேலா கன்யிசாரெஸ் என்னும் பெண்மணியின் வீடு. நள்ளிரவில் ஆடவர் சிலர் தயங்கியபோது அவ்வம்மையார் அவர்களை இடித்துரைத்து ஊக்கினார் என்று அந்நாட்டார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். சலினாஸ் படைவீட்டிற்குச் சென்று வீரர்களைத் தம் பக்கம் திருப்பினார். ஒரு துளி குருதியும் சிந்தவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அந்தோனியோ ஆந்தே என்பவர், மன்றத் தலைவர் ரூயிஸ் டி கஸ்தில்யா கோமகனின் மாளிகைக்குக் கடிதம் ஒன்றைக் கொண்டுசென்றார். கோமகன் எழுபதைத் தாண்டிய முதியவர். கடித உறையின்மேல் எழுதியிருந்த முகவரியில் அவர் 'முன்னாள் தலைவர்' எனக் குறிக்கப்பட்டிருந்ததாக அக்கால நிகழ்ச்சிகளை நேரில் அறிந்த ஒருவர் எழுதி வைத்துள்ளார். நாள்தோறும் நூறு உறைகளைக் கையாளும் எமக்கு இச்செய்தி நெஞ்சைவிட்டு அகலவில்லை. வாளில்லை, வெடியில்லை, 'முன்னாள்' என்னும் ஒரு சொல். ஏறத்தாழ முந்நூறு ஆண்டு ஆட்சியை அவ்வொரு சொல் அசைத்துவிட்டது. உள்ளே இருந்த கடிதம் மன்னனை வாழ்த்திற்று. உறையோ மன்னனுடைய ஆளை நீக்கிற்று!

செல்வா அலெக்ரே பிரபு குழுவின் தலைவரானார். பேராயர் குவேரோ இ கைசேடோ துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முதலில் தயங்கினார். மொராலெசும் கிரோகாவும் அமைச்சரானார்கள். ஆகஸ்டு 16இல் புனித அகுஸ்தீன் மடத்தின் பெருங்கூடத்தில் நகரப் பெருமக்கள் கூடி இவ்வேற்பாட்டிற்கு ஒப்புதல் அளித்தனர். புதிய குழு சில வரிகளைக் குறைத்தது. புகையிலை விற்பனையில் அரசுக்கிருந்த தனியுரிமையை நீக்கிற்று.

மன்னன்பால் அவர்கள் காட்டிய பற்று மெய்யா, பொய்யா? வரலாற்றறிஞர் இதுபற்றி இன்றும் வாதிடுகின்றனர். எமக்குத் தோன்றுவது இது: பட்டமும் நிலமும் பெற்றிருந்த பிரபுவின் நெஞ்சில் ஒன்றும், எஸ்பெஹோவின் வழிவந்த மொராலெஸ், கிரோகா முதலியோர் நெஞ்சில் மற்றொன்றும் இருந்திருக்கலாம். ஒரே முழக்கத்தின் கீழ்ப் பல எண்ணங்கள் அணிவகுத்து நிற்பது எழுச்சிகளின் இயல்பு. ஆனால் ஒன்று உறுதி. ஆள்பவர் யார் என்பதை மாட்ரிட் நகரம் தீர்மானிக்கும் வழக்கம் அன்று முடிந்தது. குயிட்டோ நகரமே அதைத் தீர்மானித்தது.

குயிட்டோதான் முதல் நகரம் என்று அறுதியிட்டுக் கூறுதல் நேர்மையாகாது. அவ்வாண்டு மே 25இல் சுகிசாக்காவிலும், ஜூலை 16இல் லா பாசு நகரிலும் எழுச்சிகள் தோன்றியிருந்தன. இரண்டும் இன்றைய பொலிவியா நாட்டு நகரங்கள். லா பாசின் தலைவர் முரில்யோ 1810 சனவரியில் தூக்கிலிடப்பட்டார். முதன்மைச் சிறப்பு யாருக்கு என்பதில் அந்நகரங்களுக்கிடையே இனிய பூசல் உண்டு. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை.

தனித்து நின்ற நகரம்

குயிட்டோ அண்டை நகரங்களுக்கெல்லாம் கடிதம் விடுத்தது. குயாகில் மறுத்தது, குவென்கா மறுத்தது, வடக்கே பாஸ்தோவும் பொப்பயானும் மறுத்தன. அங்கிருந்த அரச அதிகாரிகளின் விழிப்பு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. கோக்கோ வாணிகத்தால் வளர்ந்த குயாகில் லிமா நகரோடு நெருங்கிய உறவுடையது. குயிட்டோவின் கீழ் அடங்கியிருக்க அதற்கு விருப்பமில்லை. ஸ்பெயினின் ஆதிக்கத்தை வெறுத்த குயிட்டோ, தன் ஆதிக்கத்தை அண்டை நகரங்கள் வெறுக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

கடற்கரை வழியைக் குயாகில் அடைத்தது. வடக்கே சென்ற குயிட்டோப் படை அக்டோபர் 16இல் பூனெஸ் என்னுமிடத்தில் தோற்றது. லிமாவிலிருந்த அரசப் பிரதிநிதி அபஸ்கால் தெற்கிலிருந்து படை அனுப்பினார். செல்வா அலெக்ரே பிரபு பதவி விலகினார். எவரையும் தண்டிப்பதில்லை என்ற வாக்குறுதியின்மேல், அக்டோபர் இறுதியில் பழைய தலைவரான ரூயிஸ் டி கஸ்தில்யாவிடமே ஆட்சி திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 'முன்னாள் தலைவர்' மீண்டும் இந்நாள் தலைவரானார்.

நவம்பரில் லிமாவின் படை அர்ரெடொண்டோ என்பவர் தலைமையில் நகருள் நுழைந்தது. டிசம்பரில் வாக்குறுதி காற்றில் பறந்தது. மொராலெஸ், கிரோகா, சலினாஸ் உள்ளிட்ட பலர் சிறைப்பட்டனர். பிரபு தலைமறைவானார். அரச வழக்கறிஞர் பலர்க்குத் தூக்குத் தண்டனை வேண்டினார். வழக்குக் கோப்பு இறுதித் தீர்ப்புக்காகப் பொகோட்டாவுக்குச் சென்றது. இம்முறை கோப்பு காணாமற்போகவில்லை.

ஆகஸ்டு இரண்டு

1810ஆம் ஆண்டு ஆகஸ்டு 2. பிற்பகல் வேளை. சிறையிலிருப்போரைக் கொல்லப்போகின்றனர் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. நகர மக்களிற் சிலர் கத்திகளோடு திடீரெனப் படைவீட்டிற்குள் பாய்ந்து கைதிகளை மீட்க முயன்றனர். முயற்சி வெல்லவில்லை. வெகுண்ட படைவீரர், பூட்டிய அறைகளில் ஆயுதமின்றி இருந்த கைதிகளைச் சுட்டும் வெட்டியும் கொன்றனர். மொராலெஸ் மாண்டார். சலினாஸ் மாண்டார். தந்தையைக் காண வந்திருந்த மகளிரின் கண்ணெதிரே கிரோகா வெட்டுண்டார் என்பர்.

வெறி அத்துடன் அடங்கவில்லை. வீரர்கள் தெருவில் இறங்கினர். கடைகளையும் வீடுகளையும் சூறையாடினர், எதிர்ப்பட்டவரைக் கொன்றனர். அன்று மாண்டோர் 200 முதல் 300 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். பேட்டை மக்கள் கையிற் கிடைத்த கத்தியும் கல்லும் கொண்டு எதிர்த்தனர். பேராயர் குவேரோ இ கைசேடோ இடைப்பட்டுச் சமாதானம் பேசினார். லிமாவின் படை நகரைவிட்டு நீங்க வேண்டும், எஞ்சியோர்க்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

அப்படைவீடு இருந்த கட்டடத்தில் பின்னாளில் அருங்காட்சியகம் அமைந்தது. கொலையுண்டவர்களை மெழுகுருவங்களாக அங்கே வடித்து வைத்துள்ளனர்.

இச்செய்தி கண்டம் முழுவதும் பரவிற்று. வடக்கே நெடுந்தொலைவிலிருந்த கராகஸ் நகரில் மக்கள் அக்டோபர்த் திங்களில் தெருவில் திரண்டு கொதித்தனர். உயிரோடிருந்தபோது மொராலெசும் கிரோகாவும் எழுதிய கடிதங்களால் அண்டை ஊரை அசைக்க முடியவில்லை. அவர்களுடைய சாவோ ஆயிரம் கல் தொலைவிலிருந்தோரை அசைத்தது. அக்கொலைக்குப்பின், மன்னன் பெயரைச் சொல்லிக்கொண்டே உரிமையும் பெறலாம் என்னும் நம்பிக்கை பலரிடம் தேய்ந்தது.

மீண்டும் எழுச்சி, மீண்டும் வீழ்ச்சி

1810 செப்டம்பரில் செல்வா அலெக்ரே பிரபுவின் மகன் கார்லோஸ் மொந்தூபார் ஊர் திரும்பினார். இவர் இளமையில் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டுடன் பயணம் செய்து, 1802இல் சிம்பொராசோ மலையில் ஏறியவர். ஸ்பெயினில் நெப்போலியன் படையை எதிர்த்துப் போரிட்டவர். ஸ்பெயினின் இடைக்கால அரசு அவரைத் தன் ஆணையராக அனுப்பியது. அவரோ வந்த சில நாளில் இரண்டாம் ஆட்சிக் குழுவை அமைத்தார்.

1811 டிசம்பரில் பல ஊர்ப் பேராளர்கள் அவையாகக் கூடினர். 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 15இல் 'குயிட்டோ நாட்டின் மாகாணங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்' என்ற பொருள்படும் அரசியலமைப்பு நிறைவேறியது. ஆட்சி, சட்டம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களையும் அது பிரித்து வைத்தது. பெர்டினாண்டு பிரெஞ்சுக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டு வந்தால் மன்னனாக ஏற்போம் என்ற விதியும் அதில் இருந்தது. ஆனால் 1809இல் அவன் பெயரால் குழு ஆண்டது. 1812இலோ அவனுக்கே நிபந்தனை விதிக்கப்பட்டது. மூன்றாண்டில் அம்மக்கள் கடந்த தொலைவு இது.

ஆயினும் உள்ளே பூசல் மூண்டது. மொந்தூபார் கட்சி, சாஞ்செஸ் கட்சி எனக் குடும்பப் பகை அரசியற் பகையாயிற்று. 1812 ஜூனில், பதவியை விட்டு மடத்தில் ஒதுங்கியிருந்த ரூயிஸ் டி கஸ்தில்யாவை ஒரு கூட்டம் தாக்கியது. அம்முதியவர் புண்பட்டு மாண்டார். ஆகஸ்டு 2இன் கொடுமையை மறக்கவியலாத மக்கள் செய்த செயல் அது. ஆயினும் அதனைப் பெருமையென்று கூற எம் எழுதுகோல் இசையாது.

அவ்வாண்டு நவம்பரில் தொரிபியோ மொண்டெஸ் என்னும் ஸ்பானியத் தளபதி, நகரின் தெற்கே உள்ள பனெசில்யோ குன்றில் நடந்த போரில் வென்று குயிட்டோவைக் கைப்பற்றினார். எஞ்சிய படை வடக்கே இபர்ரா நகருக்குப் பின்வாங்கியது. டிசம்பர்த் தொடக்கத்தில் அங்கும் தோல்வி. பேராயர் நாடு கடத்தப்பட்டு 1815இல் லிமாவில் மறைந்தார். கார்லோஸ் மொந்தூபார் தப்பிச் சென்று பொலிவாரின் படையில் சேர்ந்து, 1816இல் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். மனுவேலா கன்யிசாரெஸ் தலைமறைவாக வாழ்ந்து 1814இல் காலமானார்.

தந்தையும் மைந்தனும்

இபர்ராவில் சுடப்பட்டவருள் ஒருவர் பிரான்சிஸ்கோ கால்டெரோன். கியூபாத் தீவில் பிறந்து, குவென்கா நகரின் அரச கருவூலத்தில் கணக்கு அலுவல் பார்த்தவர். எம்போல் ஏடும் எண்ணும் தொழிலாகக் கொண்டவர். 1809இல் குவென்காவின் அதிகாரிகள் குயிட்டோவை எதிர்த்தபோது, அவர்களோடு சேர மறுத்துச் சிறை சென்றார். பின்பு குயிட்டோப் படைக்குத் தலைமை தாங்கினார். அவர் இறந்தபோது மகன் அப்டோனுக்கு எட்டு வயது.

1820ஆம் ஆண்டு அக்டோபர் 9இல் விடுதலைக் கொடியை உயர்த்தியது எந்த நகரம் என எண்ணுகின்றீர்கள்? குயாகில்! பதினோராண்டுக்கு முன் வழியை அடைத்த அதே குயாகில். அடுத்த திங்களே குவென்காவும் எழுந்தது. பொலிவார் தம் இளந்தளபதி சுக்ரேயைக் கடல்வழியே குயாகிலுக்கு அனுப்பினார். அவருடைய படையில் கொலம்பியர், பெரு நாட்டார், சிலி, அர்ஜென்டினா வீரர், ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் அடங்கிய ஒரு பிரிவு எனப் பல நாட்டாரும் இருந்தனர். 1809இல் தன்னந்தனியே நின்ற நகரை விடுவிக்க 1822இல் ஒரு கண்டமே திரண்டு வந்தது.

மே 24 காலையில் பிச்சிஞ்சா மலைச்சரிவில், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் போர் நிகழ்ந்தது. கீழே நகர மக்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். யகுவாச்சிப் படைப்பிரிவில் பதினேழு வயதுத் துணைத்தலைவன் ஒருவன் நான்கு முறை அடுத்தடுத்துக் காயமுற்றும் களத்தைவிட்டு அகலவில்லை. அவனே அப்டோன் கால்டெரோன். அவன் வீரத்தைச் சுக்ரே தம் அறிக்கையில் பெயர் சுட்டிக் குறித்தார். வெற்றியைக் கண்டபின் சில நாளில் அப்புண்களால் உயிர் துறந்தான். தந்தை மாண்ட தோல்விக்கும் மைந்தன் கண்ட வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகூட நிறையவில்லை.

விடுபடாதோர்

இங்கே நிறுத்தினால் கதை இனிதாய் முடியும், ஆனால் முழுமையாகாது. ஒப்ராஹேக்களில் துணி நெய்தவரும் பண்ணைகளில் உழைத்தவருமான செவ்விந்தியர்க்கு என்ன கிடைத்தது? செவ்விந்தியர் மீது மட்டும் விதிக்கப்பட்ட தலைவரி, விடுதலைக்குப் பின்னும் மீண்டும் உயிர்பெற்று, 1857இல்தான் ஒழிந்தது. அடிமை முறையை ஒழிக்கும் ஆணை பிறந்தது 1851இல். எஸ்பெஹோவின் தந்தையொத்தோர், விடுதலை பெற்ற நாட்டில் மேலும் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தனர். 1809இன் பெருமக்கள் அண்டை நகரங்களை மறந்ததுபோலவே தம் வயலிலும் தறியிலும் நின்றவர்களையும் மறந்தனர். அவர்களையெல்லாம் உடன் அழைத்துச் சென்றிருந்தால் அந்த முதல் எழுச்சி மூன்று திங்களில் முடிந்திருக்குமோ என்னும் கேள்வி எழாமற்போகாது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தோற்ற நாளை ஒரு நாடு கொண்டாடுவானேன்?

வெற்றி நாள் படைகளுக்கு உரியது. சுக்ரேக்கும் பொலிவாருக்கும் உரியது. ஆகஸ்டு 10 அந்நகரத்தாருக்கே உரியது. வெளியிலிருந்து எவரும் வந்து சொல்லாமல், நம் ஊரை நாமே ஆளலாம் என்று அவர்களே எண்ணிய நாள் அது. அவ்வெண்ணத்தை வெளிப்படையாகக் கூறும் துணிவு அப்போது அவர்களுக்கு இல்லாதிருக்கலாம். மன்னன் பெயரைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருக்கலாம். ஆனால் 'முன்னாள்' என்று எழுதிய மை உலர்ந்தபின் அதை எவராலும் அழிக்க முடியவில்லை. பழைய தலைவரை மீண்டும் நாற்காலியில் அமர்த்தியவர்களாலும் முடியவில்லை.

குயிட்டோவின் பெரிய சதுக்கத்தில் இன்று விடுதலை நினைவுத் தூண் நிற்கின்றது. உச்சியில் விடுதலை அன்னையின் உருவம். அடியில் காயமுற்று விலகிச் செல்லும் ஒரு சிங்கம். அச்சிங்கம் ஸ்பெயின். அது திறக்கப்பட்டதும் ஓர் ஆகஸ்டு 10ஆம் நாளில், 1906இல்.

பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறமொழி பேசுவோர் நடுவே வாழும் நமக்கு இக்கதையில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. நல்ல எண்ணம் உடையவர் என்பதனால் மட்டும் ஓர் ஊரார் வென்றுவிடுவதில்லை. அண்டை அயலாரையும் உடன் உழைப்போரையும் தம்மோடு சேர்த்துக்கொண்ட பின்னரே வெல்கின்றனர். இவ்வாண்டு ஆகஸ்டு 15இல் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கும்போது, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்திக்கொண்டு, ஐந்து நாள் முன்னதாக உலகின் மறுபுறத்தே கொண்டாடப்பட்ட இந்த நாளின் கதையையும் அவர்களுக்குக் கூறுவோமாக.